டெக்சஸ் ஹோட்டலில் ஒரு வார இறுதி: இரு கட்சி வாக்காளர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தபோது என்ன நடந்தது?

2019 செப்டம்பர் 19, வியாழக்கிழமை. டெக்சஸில் டாலஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கிரேப்வைன் என்ற ஊரின் பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு, அமெரிக்காவின் எல்லாத் திசைகளிலிருந்தும் 500-க்கும் மேற்பட்ட சாதாரண வாக்காளர்கள் வந்து சேர்ந்தார்கள். கட்சி நிர்வாகிகளோ டிவி விவாதங்களில் கத்துகிறவர்களோ அங்கே கிடையாது. பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஏற்பாட்டாளர்கள் செலவு, நேரம் ஒதுக்கி வந்ததற்கு ஒரு தொகையும் உண்டு. வந்தவர்கள் செய்ய வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை வரை உட்கார்ந்து, குடியேற்றம், பொருளாதாரம், மருத்துவம், சுற்றுச்சூழல், வெளியுறவு என்ற ஐந்து விஷயங்களை எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களோடு பேசுவது. அவ்வளவுதான் வேலை. 'ஒரே அறையில் அமெரிக்கா' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

நாட்டு நிலவரம் அப்போது எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உக்ரைன் அதிபரோடு, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அப்போதைய அதிபர் டிரம்ப் பேசிய தொலைபேசி உரையாடல் பற்றிய செய்தி வெடித்ததே அந்த வாரத்தில்தான். கூட்டம் முடிந்து இரண்டாவது நாள், செப்டம்பர் 24 அன்று, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் நான்சி பெலோசி அவர் மேல் பதவிநீக்க விசாரணையை அறிவித்தார். ஆக, ஆளுக்கொரு பக்கம் நின்று முறைத்துக்கொண்டிருந்த நாட்டிலிருந்துதான் இந்த 500 பேரும் வந்திருந்தார்கள்.

இதைப் பற்றி எழுதியவர்களில் பலர், 'பார்த்தீர்களா, உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிற மாதிரி எழுதிவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே கிடைத்த முடிவுகள் நிஜம், சில எண்கள் நம்ப முடியாத அளவுக்குப் பெரியவை. ஆனால் பேசியதால் மட்டும் அது நடக்கவில்லை. என்ன படிக்கக் கொடுத்தார்கள், யாரை யாரோடு உட்கார வைத்தார்கள், கடைசியில் கருத்தை எப்படிக் கேட்டார்கள் என்ற ஏற்பாடுகள் எல்லாம் சேர்ந்துதான் அதைச் செய்தன. அந்த ஏற்பாடுகளை எடுத்துவிட்டு வெறும் 'உரையாடல்' என்று நடத்தினால் நேர் எதிரான விளைவுகூட வரலாம், அதற்கும் ஆதாரம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இதன் மூளை ஜேம்ஸ் ஃபிஷ்கின், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். கூட இருந்தவர் அதே பல்கலைக்கழகத்தின் லாரி டைமண்ட், ஜனநாயகம் பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். ஹெலெனா என்ற லாபநோக்கற்ற அமைப்பு சேர்ந்து நடத்தியது. ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம். இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். 'வர விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுங்கள்' என்று அறிவித்திருந்தால் வந்திருக்கப்போகிறவர்கள் யார் என்று நமக்கே தெரியும்: ஏற்கனவே நிதானமானவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எல்லாரோடும் நன்றாகப் பழகுகிறவர்கள். அப்படிச் செய்யாமல், கருத்துக்கணிப்புக்கு ஆள் எடுப்பது மாதிரி குத்துமதிப்பின்றி முறைப்படி மாதிரி எடுத்து, அரசியல் பக்கமே தலைவைக்காதவர்களையும் அழைத்து, வரவைப்பதற்கு மெனக்கெட்டார்கள். இன்னொரு பக்கம், 800-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட ஒப்பீட்டுக் குழு ஒன்று. அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள், அதே கேள்விகளுக்கு முன்னும் பின்னும் பதில் சொன்னார்கள். அந்த வாரம் செய்திகளைப் பார்த்தே எல்லாருடைய மனமும் மாறியிருந்தால் அது ஒப்பீட்டுக் குழுவிலும் தெரிந்திருக்கும்.

ஃபிஷ்கினுக்கு இது புது யோசனை இல்லை. 1988-லிருந்தே அவர் சொல்லி வருவது இதுதான்: சாதாரணக் கருத்துக்கணிப்பு, மக்கள் யோசிக்காமல் இருக்கும்போது என்ன நினைக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது, யோசிக்க வாய்ப்பும் தகவலும் கொடுத்தால் என்ன நினைப்பார்கள் என்று யாராவது அளக்க வேண்டாமா? இதற்குக் கலந்தாய்வுக் கருத்துக்கணிப்பு என்று பெயர். முதல் சோதனை 1994-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்தது, பொருள் குற்றத்தடுப்பு. 1996 ஜனவரியில் டெக்சஸின் ஆஸ்டினில், அதிபர் தேர்தலை ஒட்டி, நாடு தழுவிய அளவில் ஒன்று. அந்த ஆஸ்டின் கூட்டத்திலிருந்து ஃபிஷ்கின் பல மேடைகளில் சொல்லும் கதை ஒன்று உண்டு. 84 வயதுப் பழமைவாதி ஒருவரும், அரசு உதவித்தொகையில் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண்ணும் ஒரே குழுவில் இருந்தார்கள். ஆரம்பத்தில், அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாத வீடு குடும்பமே இல்லை என்று அந்தப் பெண்ணிடமே அவர் சொன்னாராம். கடைசி நாள், தான் சொன்னது தப்பு என்று அவரே வந்து அந்த அம்மாவிடம் ஒப்புக்கொண்டாராம். நல்ல கதைதான். ஆனால் இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது, அதனால்தான் எண்கள் வேண்டியிருக்கிறது.

உருப்படியான விளைவு தந்த சோதனை அதற்கடுத்து அதே டெக்சஸில் நடந்தது, அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. 1996 முதல் 1998 வரை மின்சார நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களை வைத்து எட்டு கலந்தாய்வுகள் நடத்தின, மின்சாரம் எங்கிருந்து வர வேண்டும் என்று. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்காகக் கொஞ்சம் கூடுதல் கட்டணம் கொடுக்கத் தயார் என்றவர்கள், எட்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், 52 சதவீதத்திலிருந்து 84 சதவீதமாக ஏறினார்கள். எண்ணெய் மாநிலமான டெக்சஸில்! 1999-ல் ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்தபோது கையெழுத்தான மின்துறைச் சட்டத்தில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு இலக்கு வைக்கப்பட்டதற்கு இந்தக் கலந்தாய்வுகளும் ஒரு காரணம். 2006-ல் காற்றாலை மின்திறனில் டெக்சஸ் நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆக, இது பல்கலைக்கழகத்து விளையாட்டு மட்டும் இல்லை.

எந்த நிலைமைக்கு இந்த மருந்து

இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன, பேச்சில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

ஒன்று, தெரியாமை. அரசாங்கத்தின் மூன்று பிரிவுகள் (சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை) எவை என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அனென்பெர்க் மையம் வருடா வருடம் அமெரிக்கர்களிடம் கேட்கிறது. 2016-ல் மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள் 26 சதவீதம்தான். பிறகு ஏறியது, 2019-ல் 39 சதவீதம். பள்ளிக்கூடத்தில் நிலைமை மேலும் மோசம்: 2022-ல் நடந்த தேசியக் குடிமையியல் தேர்வில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 22 சதவீதம் பேர்தான் 'தேர்ச்சி' நிலையையோ அதற்கு மேலோ தொட்டார்கள், சராசரி மதிப்பெண்ணும் அந்தத் தேர்வின் வரலாற்றில் முதல் முறையாகக் குறைந்தது. பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத்துக்கு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 50 டாலர் மத்திய அரசு செலவிட்டது, குடிமைக் கல்விக்கு வெறும் 5 சென்ட் என்பது 2021 வாக்கில் அங்கே கல்வித்துறைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு.

இரண்டாவது, வெறுப்பு. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, எதிர்க்கட்சியை மிக மோசமாகப் பார்க்கிறேன் என்று சொன்ன குடியரசுக் கட்சியினர் 1994-ல் 17 சதவீதம், 2014-ல் 43. ஜனநாயகக் கட்சியினரில் அதே காலத்தில் 16-லிருந்து 38. இது டிரம்ப் வருவதற்கு முந்தைய எண் என்பதைக் கவனிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரைக் காரணமாக்குவது எளிது.

முதல் நோய்க்குப் பாடம் நடத்துவது மருந்து, இரண்டாவதுக்குப் பேச வைப்பது மருந்து என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், இரண்டுக்கும் தனித்தனி அமைப்புகள், தனித்தனி நன்கொடையாளர்கள். கிரேப்வைனில் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எனக்கு இந்த நிகழ்வில் ஆர்வம் வந்ததற்குக் காரணமே அதுதான்.

உள்ளே எப்படி நடந்தது

வருவதற்கு முன்பே எல்லாருக்கும் ஒரு விளக்கக் கையேடு போய்விட்டது. ஐந்து தலைப்பிலும் உள்ள யோசனைகள், ஒவ்வொன்றுக்கும் ஆதரவு வாதம், எதிர் வாதம். இரண்டு பக்கத்துக் கொள்கை நிபுணர்களும் அதைப் படித்துச் சரிபார்த்திருந்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: 'இது கட்சி அ சொல்வது, இது கட்சி ஆ சொல்வது' என்ற முறையில் அது எழுதப்படவில்லை. ஒரு யோசனையின் மேல் கட்சி முத்திரை விழுந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வாதத்தைப் படிப்பதில்லை, நம்ம ஆளா எதிராளா என்பதோடு நின்றுவிடுகிறது.

வந்ததும் பத்துப் பன்னிரண்டு பேரைச் சற்றுத் தாண்டிய சிறு குழுக்களாகப் பிரித்தார்கள், யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி பெற்ற நெறியாளர் ஒருவர். அவர் கருத்து சொல்லக் கூடாது, ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு வழி விட வேண்டும், கையேட்டிலுள்ள எல்லா யோசனைகளும் பேசப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பேசி முடித்ததும் குழு தனக்குப் பதில் தெரியாத கேள்விகளைத் தயாரிக்கும். பொது அமர்வில் இரண்டு பக்க நிபுணர்களும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். அப்புறம் மறுபடி சிறு குழு, அடுத்த தலைப்பு.

நிபுணர் முதலில் வந்து சொற்பொழிவு ஆற்றவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கேள்வி குழுவிலிருந்து வந்தது, அதுவும் எதிரெதிர்க் கருத்துள்ளவர்கள் சேர்ந்து எழுதியது. தங்களுக்கு எது தெரியவில்லை என்பதில் இரண்டு பக்கமும் முதலில் ஒத்துப்போக வேண்டியிருந்தது. கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் நம் ஊர் கூட்டமோ அவர்கள் ஊர் கூட்டமோ, எந்தப் பொதுக்கூட்டத்திலும் இது நடந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது, முடிவு எடுக்கச் சொல்லவில்லை. தீர்மானம், கையைத் தூக்கி வாக்கெடுப்பு, எல்லாரும் ஒப்புக்கொண்ட அறிக்கை, எதுவும் கிடையாது. கடைசியில் ஆளுக்கொரு கேள்வித்தாள், ரகசியமாக நிரப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகலாம். தன் பக்கத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் இறங்கி வர மாட்டார்கள், அதனால் பார்வையாளர்களையே எடுத்துவிட்டார்கள்.

எண்கள்

ஆரம்பத்தில் இரு கட்சியினரும் கடுமையாகப் பிரிந்து நின்ற 26 யோசனைகளை ஆய்வாளர்கள் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். மிகப் பெரும்பாலானவற்றில் இடைவெளி சுருங்கியிருந்தது. ஆவணமில்லாமல் வந்தவர்களைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்ப வேண்டும், அவர்கள் சொந்த நாட்டிலிருந்து சட்டப்படி விண்ணப்பித்து வரட்டும் என்ற யோசனைக்குக் குடியரசுக் கட்சியினரிடையே இருந்த ஆதரவு 79 சதவீதத்திலிருந்து 40-ஆக விழுந்தது. அகதிகள் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதற்கு 66-லிருந்து 34. நான்கு நாளில், அதுவும் அந்தக் கட்சியின் அதிபரே குடியேற்றத்தை முதன்மைப் பிரச்சாரமாக வைத்திருந்த காலத்தில்.

இவ்வளவைச் சொல்லி நிறுத்திவிட்டால், பழமைவாதிகளைக் கூட்டி வந்து மனம் மாற்றிய கதை மாதிரி ஆகிவிடும். மறுபக்கமும் அதே அளவு நகர்ந்தது, பொருளாதாரத்தில். குறைந்தபட்சக் கூலியை நாடு முழுக்க மணிக்கு 15 டாலர் ஆக்க வேண்டும் என்பதற்கு ஜனநாயகக் கட்சியினரிடம் 80 சதவீதத்துக்கும் மேல் இருந்த ஆதரவு 60-க்குக் கீழே வந்தது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் அரசு பணம் போட்டு வைக்கும் பத்திரத் திட்டத்துக்கு 62-லிருந்து 21.

எதிர்க்கட்சியினர் மேல் எவ்வளவு நல்லெண்ணம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் அளவுகோலில் கேட்டபோது, இரு பக்கமும் பதின்மூன்று புள்ளிகளை ஒட்டி மேலே வந்தன. அமெரிக்க ஜனநாயகம் நன்றாக வேலை செய்கிறது என்றவர்கள் 30 சதவீதம் பேர், கிளம்பும்போது 60. இந்தக் கடைசி எண்ணை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். நான்கு நாள் மரியாதையாக நடத்தி, நல்ல சாப்பாடு போட்டு, 'உங்கள் கருத்து நாட்டுக்கு முக்கியம்' என்று சொல்லி அனுப்பினால் யாருக்குத்தான் ஜனநாயகம் பிடிக்காது? அவர்கள் பாராட்டியது வாஷிங்டனையா அந்த ஹோட்டலையா என்பது தெளிவில்லை.

கொலராடோவில் எதிர்மாறாக நடந்தது

2005-ல் கஸ் சன்ஸ்டீன், டேவிட் ஷ்கேட், ரீட் ஹேஸ்டி என்ற மூன்று ஆய்வாளர்கள் கொலராடோ மாநிலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். போல்டர், தாராளவாதிகள் நிறைந்த ஊர். கொலராடோ ஸ்பிரிங்ஸ், பழமைவாதிகள் ஊர். அந்தந்த ஊர்க்காரர்களை அந்தந்த ஊரிலேயே சிறு குழுக்களாக உட்கார வைத்து, பருவநிலை ஒப்பந்தம், இடஒதுக்கீடு மாதிரியான சாதகச் செயல்பாடு, ஒருபாலினத்தவர் இணைவு ஆகிய மூன்றையும் பேசச் சொன்னார்கள். பேசி முடித்தபோது போல்டர்காரர்கள் இன்னும் இடதுபக்கம், ஸ்பிரிங்ஸ்காரர்கள் இன்னும் வலதுபக்கம் போயிருந்தார்கள். குழுவுக்குள் முன்பு இருந்த சின்னச் சின்ன வேறுபாடுகள்கூடக் கரைந்துவிட்டன. ரகசியமாகக் கேட்டபோதும் அதே கதைதான்.

இரண்டு இடத்திலும் பேசினார்கள், இரண்டு இடத்திலும் சிறு குழு. கொலராடோவில் கையேடு இல்லை, நெறியாளர் இல்லை, எதிர்வாதம் சொல்ல ஆளும் இல்லை. ஒரே மாதிரி நினைக்கிறவர்கள் கூடிப் பேசினால், ஒருவர் சொல்லும் காரணத்தை மற்றவர் வாங்கிக்கொண்டு இன்னொரு காரணத்தைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறார், யாரும் பிரேக் போடுவதில்லை. அமெரிக்கர்களின் தினசரி அரசியல் பேச்சு எதைப் போல இருக்கிறது, கிரேப்வைனைப் போலவா போல்டரைப் போலவா என்றால், பதில் எல்லாருக்கும் தெரியும். தேவாலயம், அக்கம்பக்கம், ஃபேஸ்புக் குழு என்று மக்கள் ஏற்கனவே நிறையப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சந்தேகங்கள்

படித்ததாலா, பேசியதாலா? கிரேப்வைன் தரவுகளை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாருக்கும் எல்லாமே கிடைத்தது. ஆனால் ஃபிஷ்கினும் வேறு சிலரும் 2002-ல் கனெக்டிகட்டின் நியூ ஹேவன் பகுதியில் நடத்திய சோதனை கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. அங்கே இரண்டு தலைப்பு: உள்ளூர் விமான நிலையத்தை விரிவாக்குவது, பக்கத்து ஊர்கள் தங்களுக்குள் சொத்துவரி வருமானத்தைப் பகிர்ந்துகொள்வது. எந்தத் தலைப்பை முதலில் பேசுவது என்பதைக் குழுவுக்குக் குழு மாற்றி வைத்தார்கள், அதனால் பேச்சின் விளைவை மட்டும் பிரித்து அளக்க முடிந்தது. வரிப் பகிர்வில் கருத்து நன்றாக நகர்ந்தது, விமான நிலையத்தில் பெரிதாக நகரவில்லை. காரணம் எளிது: விமான நிலையம் பற்றி ஊரே ஏற்கனவே பேசி ஓய்ந்திருந்தது.

இதை வைத்து கிரேப்வைனைத் திரும்பப் பார்த்தால், குழந்தைப் பத்திரத் திட்டம் 62-லிருந்து 21-க்கு விழுந்ததில் எனக்குப் பெரிய அதிசயம் தெரியவில்லை. பெயரைக் கேட்டதும் நல்லாயிருக்கே என்று டிக் அடித்தவர்கள், செலவையும் எதிர்வாதத்தையும் படித்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். அது பெரும்பாலும் கையேட்டின் வேலை. குடியேற்றம் அப்படி இல்லை. அதைப் பற்றிக் கருத்து இல்லாத அமெரிக்கர் 2019-ல் யார் இருந்தார்கள்? அங்கே 39 புள்ளி நகர்ந்தது என்றால், எதிரில் உட்கார்ந்திருந்த ஆட்களுக்கும் அதில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கையேட்டை எழுதுகிறவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரு பக்கமும் சரிபார்த்தது உண்மைதான், ஆனாலும் எந்த யோசனைகள் பட்டியலில் வரும், எது வராது என்பதே ஒரு அரசியல் முடிவு. பழமைவாதிகள் இதைப் பற்றி முணுமுணுப்பதற்கு ஒரு வருடம் கழித்து வந்த முடிவுகள் இன்னொரு காரணத்தைக் கொடுத்தன. 2020 தேர்தலை ஒட்டி அதே ஆட்களிடம் மறுபடி கேட்டார்கள். ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்த்தால், கிரேப்வைனுக்கு வந்தவர்கள் பைடன் பக்கம் அதிகம் சாய்ந்திருந்தார்கள். இரு கட்சி உரையாடல் என்று ஆரம்பித்த ஒன்று ஒரு கட்சிக்கு ஓட்டாக முடிந்தால், மற்ற கட்சிக்காரர் அடுத்த முறை ஏன் வர வேண்டும்? ஃபிஷ்கின் குழுவின் விளக்கம் என்னவென்றால், அந்த நான்கு நாள் அவர்களுக்குள் அரசியல் ஈடுபாட்டைக் கிளப்பிவிட்டது, செய்திகளைக் கவனிக்க ஆரம்பித்தார்கள், தங்கள் கருத்துக்கு மதிப்பிருக்கிறது என்று நினைக்க ஆரம்பித்தார்கள், அதன் வழியாகத்தான் ஓட்டும் மாறியது. விளக்கம் நியாயமாகத்தான் இருக்கிறது. டிரம்ப் மட்டும் வேட்பாளராக இல்லாமல் வேறொரு குடியரசுக் கட்சிக்காரர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது, ஒரே ஒரு தேர்தலை வைத்து முறையையே சாய்வானது என்று சொல்வது அவசரம். ஆனால் அந்தச் சந்தேகத்தை அறியாமை என்று ஒதுக்குகிறவர்களும் தவறு செய்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்த ஆய்வில் மதிப்புள்ள கண்டுபிடிப்பு அந்த ஈடுபாடுதான். 79, 40 என்று தலைப்புச் செய்திக்குப் போனவை கொள்கை எண்கள், ஆனால் ஒரு வருடம் கழித்தும் பிடித்து நின்றது கவனிக்கிற பழக்கம். குடிமைக் கல்வி வெற்றியா தோல்வியா என்று பார்க்க மூன்று பிரிவுகளின் பெயரைக் கேட்பதைவிட இதை அளப்பது பொருத்தமாக இருக்கும்.

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக முடியுமா

இதே முறையை எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பித்தால் என்ன என்று தோன்றும். அமெரிக்காவில் பாடத்திட்டம் மாநிலங்கள் கையில், அதற்குக் கீழே மாவட்டக் கல்வி வாரியங்கள் கையில். மாசசூசெட்ஸ் 2018-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, மாணவர்களே ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்து ஆராய்ந்து செயல்திட்டம் செய்ய வேண்டும் என்று. ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மைச் சட்டமன்றம் நிறைவேற்றியது, குடியரசுக் கட்சி ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்டார். நாடு தழுவிய அளவில் 2021-ல் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸும் குடியரசுக் கட்சியின் ஜான் கார்னினும் சேர்ந்து செனட்டில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், குடிமைக் கல்விக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர். கார்னின் டெக்சஸ்காரர். இந்தப் பணத்தின் வழியாக இனம் பற்றிய இடதுசாரிப் பாடங்கள் பள்ளிக்குள் நுழைந்துவிடும் என்று பழமைவாத அமைப்புகள் எதிர்த்தன, மசோதா அப்படியே நின்றுபோனது.

அதே 2021-ல் டெக்சஸ் சட்டமன்றம் வேறு ஒரு வழியில் போனது. சர்ச்சைக்குரிய நடப்பு விஷயங்களைப் பேசச் சொல்லி ஆசிரியரை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது, பேசினால் எந்த ஒரு பக்கத்துக்கும் முன்னுரிமை தராமல் பல கோணங்களையும் சொல்ல வேண்டும், மக்கள் பிரதிநிதிகளை அணுகி ஆதரவு திரட்டும் மாதிரி வேலைகளுக்கு மாணவருக்கு மதிப்பெண் தரக் கூடாது என்றது புதுச் சட்டம். மாசசூசெட்ஸ் கட்டாயமாக்கிய மாதிரியான செயல்திட்டத்துக்கு டெக்சஸில் மதிப்பெண் கொடுப்பதே சிக்கல். பல கோணம் என்ற அந்த வாசகத்தை மட்டும் பார்த்தால் ஃபிஷ்கினின் கையேட்டுக் கொள்கை மாதிரியே இருக்கிறது, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நடைமுறையில் என்ன ஆனது? கிரேப்வைனுக்கு அடுத்த ஊர் சவுத்லேக். அங்கே 2021 அக்டோபரில் ஆசிரியர் பயிற்சி ஒன்றில், யூத இனப்படுகொலை பற்றி வகுப்பறையில் புத்தகம் வைத்திருந்தால் 'எதிர்க் கோணம்' உள்ள புத்தகத்தையும் வைக்கப் பாருங்கள் என்று மாவட்டக் கல்வி அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டார். பதிவு வெளியே வந்து நாடு முழுக்கப் பரபரப்பாகி, மாவட்டம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த அதிகாரியை ஆளாளுக்குத் திட்டினார்கள். எனக்கு என்னவோ, அவர் சட்டத்துக்குப் பயந்து உளறியதாகத்தான் படுகிறது. எது உண்மையிலேயே இரண்டு நியாயமான பக்கம் உள்ள கேள்வி, எது இல்லை என்று பிரித்து, நிபுணர்களை வைத்துச் சரிபார்த்து ஐந்தே ஐந்து தலைப்புக்குக் கையேடு தயாரிக்க ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழுவே வேலை செய்தது. ஒரு சட்ட வாசகத்தைக் கொடுத்து அதே வேலையை ஒவ்வொரு ஆசிரியர் தலையிலும் கட்டினால், புத்தியுள்ள ஆசிரியர் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்துவிடுவார்.

500 பேரிலிருந்து கோடிக்கணக்கானவர்களுக்கு

2020 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 15 கோடிக்கும் மேல். அதில் 500 பேரை விமானத்தில் ஏற்றி ஹோட்டலில் தங்க வைத்தது சோதனைக்குச் சரி, தீர்வுக்கு ஆகாது என்பது ஃபிஷ்கினுக்கும் தெரியும். 2004-லேயே அவரும் சட்ட அறிஞர் புரூஸ் ஆக்கர்மனும், அதிபர் தேர்தலுக்கு முன் ஒரு தேசிய விடுமுறை விட்டு, வந்து கலந்தாய்வில் உட்காருகிற ஒவ்வொரு குடிமகனுக்கும் 150 டாலர் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். அதை யாரும் சீண்டவில்லை.

இப்போது ஃபிஷ்கின் குழு நம்பியிருப்பது மென்பொருளை. ஸ்டான்ஃபோர்டில் அஷீஷ் கோயல் குழுவோடு சேர்ந்து செய்த தளத்தில் மனித நெறியாளரே இல்லை. பத்துப் பேர் வீடியோவில் கூடுகிறார்கள், பேச வரிசை போடுவது, நேரம் பார்ப்பது, வாய் திறக்காதவரைப் பேசச் சொல்வது எல்லாம் மென்பொருள். 2021-ல் பருவநிலை, எரிசக்தி பற்றி 900-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இப்படி நடத்தினார்கள், 2023-ல் தேர்தல் சீர்திருத்தம் பற்றி இன்னொன்று. நெறியாளர் சம்பளம், விமானம், ஹோட்டல் மூன்றும் மிச்சம்.

மிச்சமாகாத ஒன்று ஆள் சேர்ப்பு. நேரில் நடந்தாலும் திரையில் நடந்தாலும், மாதிரி எடுத்து, போன் போட்டு, வர மறுக்கிறவரை மறுபடி அழைத்து, பணம் கொடுத்து உட்கார வைத்ததால்தான் அந்த முடிவுகள் வந்தன. தளத்தைத் திறந்துவைத்து 'வாருங்கள், பேசுவோம்' என்றால் அரசியலில் ஏற்கனவே ஆர்வமுள்ளவர்கள்தான் வருவார்கள், அவர்களிலும் ஒரு கட்சிக்காரர்களே அதிகமாக இருப்பார்கள். இரு கட்சி உரையாடல் நடத்தும் தன்னார்வ அமைப்புகளுக்கு அங்கே தீராத தலைவலி குடியரசுக் கட்சி ஆதரவாளர்களைப் போதிய அளவு வரவழைப்பதுதான். நீதிமன்ற ஜூரி கடமைக்கு அமெரிக்கர்களைக் கட்டாயமாக அழைக்கிறார்கள், முனகிக்கொண்டாவது போய் உட்காருகிறார்கள். இதற்கும் அப்படி ஒரு கட்டாயம் கொண்டுவர எந்த மாநிலமும் இன்றுவரை தயாராக இல்லை. தன்னார்வத்தை நம்பி நடக்கும் வரை இந்த முறையால் 500, 900 என்ற எண்களைத் தாண்டிப் போக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.